200 மெஷினை எங்கே இறக்குவது? கிகாலி, ஹவாஸா, அத்தி ரிவர், கபரோன்

2025 ஆகஸ்ட் கடைசி வாரம். இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட செய்தி வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, திருப்பூரிலிருந்து மச்சான் கூப்பிட்டார். சொந்தமாக 200 தையல் மெஷின் வைத்திருக்கிறார், அதுபோக நாலைந்து பவர் டேபிள்காரர்களுக்கு (சின்னத் தையல் யூனிட் வைத்திருப்பவர்கள்) ஜாப் ஒர்க் கொடுக்கிறார். பையர் பக்கத்திலிருந்து ஒரே கேள்வியாம்: வேறு நாட்டில் யூனிட் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது போடுவீர்கள்? "மாப்ளே, ஆப்பிரிக்காவுல ஒண்ணு போட்டா என்ன? ருவாண்டா சூப்பரா இருக்காமே, ஆறு மணி நேரத்துல கம்பெனி பதிஞ்சு குடுத்துடறாங்களாமே" என்றார். ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கா என்று அவர் ஒரே வார்த்தையில் சொன்னதே எனக்கு இடித்தது. 54 நாடு. டாலரை வெளியே எடுக்க வழியில்லாமல் விமான நிறுவனங்களே திண்டாடிய நைஜீரியாவும் அதில்தான் இருக்கிறது, 1966-இலிருந்து ஒரு தேர்தல்கூடத் தவறாமல் நடத்திய போட்ஸ்வானாவும் அதில்தான் இருக்கிறது. "எந்த ஊரு மச்சான்?" என்று கேட்டதற்கு நாலு பெயர் சொன்னார்: ருவாண்டா, எத்தியோப்பியா, கென்யா, அப்புறம் யாரோ "ஊழலே இல்லாத நாடு" என்று சொன்ன போட்ஸ்வானா. நான் கணக்கு பார்த்துப் பிழைக்கிறவன், ஆப்பிரிக்கப் பக்கம் வியாபாரம் உள்ள கம்பெனிகளின் கணக்கும் என் மேஜைக்கு வரும். ஆகவே ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் எழுதி வைத்ததைத்தான், பிறகு நடந்ததையும் சேர்த்து, அவர் பெயரும் கம்பெனிக் கணக்கும் இல்லாமல், இங்கே போடுகிறேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் அலைகிறார்கள் என்று தெரியும்.

முதலில் வரியை ஓரமாக வைத்துவிடலாம். அமெரிக்காவுக்கு வரியில்லாமல் துணி அனுப்ப ஆப்பிரிக்க நாடுகளுக்கு 2000-இல் கொடுத்த அகோவா சலுகை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு காலாவதியானது. அதற்கு எத்தனை முறை நீட்டிப்பு கொடுத்தாலும், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று துண்டு துண்டாக வரும் சலுகையை நம்பிப் பத்து வருஷத்துக்குக் கடன் வாங்க முடியாது. ஐரோப்பாவைப் பொறுத்தவரை நாலு நாட்டுக்குமே வரி பூஜ்யம்தான். ருவாண்டாவும் எத்தியோப்பியாவும் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருப்பதால் அந்தச் சலுகை, கென்யாவுக்கு 2024 ஜூலை முதல் தனி ஒப்பந்தம், போட்ஸ்வானாவுக்குத் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளோடு சேர்ந்த ஒப்பந்தம். ஆக, வரியை வைத்து இந்த நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்ந்தெடுக்க வேண்டியது அரசாங்கத்தை.

அரசாங்கத்தை எப்படி அளப்பது? அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். உலக வங்கி 'டூயிங் பிசினஸ்' என்று ஒரு தரவரிசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் 2020 பதிப்பில் ருவாண்டா 38, கென்யா 56, போட்ஸ்வானா 87, எத்தியோப்பியா 159. நம் நாடு 63. மச்சானுக்குப் படம் போட்டுக் காட்டியவர் கையில் இதுதான் இருந்திருக்கும். அந்தத் தரவரிசையையே உலக வங்கி 2021 செப்டம்பரில் ஊற்றி மூடிவிட்டது. சில நாடுகளின் மதிப்பெண்களில் உள்ளே இருந்தவர்களே கை வைத்தது விசாரணையில் தெரியவந்தது. அதை விட்டாலும், அது அளந்தது எதை? கம்பெனி பதிய எத்தனை நாள், மின்இணைப்புக்கு எத்தனை படிவம். உள்ளே போகும் வாசல் எவ்வளவு அகலம் என்று அளந்தது. நம் 200 மெஷின் உள்ளே போன பிறகு என்ன ஆகும் என்பது வேறு கணக்கு.

இன்னொன்று, ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் போடும் ஊழல் குறியீடு. நூற்றுக்கு எத்தனை, அதிகம் என்றால் சுத்தம். 2024-இல் போட்ஸ்வானா 57, ருவாண்டாவும் 57, எத்தியோப்பியா 37, கென்யா 32. இந்தியா 38. இதைப் பார்த்தால் கென்யா கடைசி. நான் கடைசியில் சொன்ன ஊர் எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கென்யா. மச்சானும் இதைக் கேட்டதும் "என்ன மாப்ளே, லஞ்சம் வாங்கறவன்கிட்டயே என்னயத் தள்ளி விடற" என்றுதான் சிரித்தார்.

நான் பார்த்தது மூன்றே விஷயம். சம்பாதித்த பணம் டாலராக வெளியே வருமா? அரசாங்கத்தோடு தகராறு வந்தால், அரசாங்கம் தோற்கக்கூடிய ஓர் இடம் அந்த ஊரில் உண்டா? இன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் நாளைக்கு இல்லாமல் போனால் அந்தக் கையெழுத்துக்கு மரியாதை இருக்குமா?

ருவாண்டாவை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதன் மேல் எனக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. 1994-இல் நூறு நாளில் லட்சக்கணக்கானவர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட நாடு அது. இன்று தலைநகர் கிகாலித் தெருவில் குப்பை கிடக்காது, பிளாஸ்டிக் பைக்கு 2008-லேயே தடை, மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊரே இறங்கித் தெருவைப் பெருக்கும், அதற்கு 'உமுகாண்டா' என்று பெயர். மாவட்டத் தலைவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இத்தனை கிலோமீட்டர் சாலை, இத்தனை வீட்டுக்குத் தண்ணீர் என்று அதிபரிடமே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள், 'இமிஹிகோ'. செய்யவில்லை என்றால் பதவி போகும். முதலீட்டாளர்களுக்கு ருவாண்டா வளர்ச்சி வாரியம் என்று ஒரே அலுவலகம். நிலம், வரி, விசா, சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் ஒரே கூரை. நம்மூரில் ஒரு சாயப்பட்டறை அனுமதிக்காகச் செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இது சொர்க்கம் மாதிரித்தான் தெரியும்.

ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்வியை வைத்துப் பாருங்கள். 2016-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து, மேலை நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழந்துணியைக் குறைக்க முடிவெடுத்தன. ருவாண்டா அதன் இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 20 சென்டிலிருந்து இரண்டரை டாலராக ஏற்றியது. நியாயமான நோக்கம், உள்ளூர்த் தையல் பிழைக்க வேண்டும் என்பதுதான். அமெரிக்கா முறைத்தது. கென்யா உடனே பின்வாங்கியது, ருவாண்டா பின்வாங்கவில்லை. விளைவு, 2018 ஜூலை கடைசியில் ருவாண்டாவின் ஆடைகளுக்கு மட்டும் அகோவா சலுகை நிறுத்தம். அங்கே அமெரிக்காவுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தன்மானம் நாட்டுக்கு, நஷ்டம் உங்களுக்கு. அந்த முடிவை எதிர்த்து நாடாளுமன்றத்தில் ஒரு கட்சி, ஒரு பத்திரிகை, ஒரு தொழிற்சங்கம் சத்தம் போட்டு இழுத்துப் பிடித்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது.

அடுத்தது பாதை. கிகாலியிலிருந்து கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் 1,400 கிலோமீட்டருக்குக் குறையாது. மொம்பாசாவுக்குப் போக உகாண்டா வழி, அதில் கத்துனா எல்லையை 2019 பிப்ரவரியில் மூடியவர்கள் திறந்தது 2022 ஜனவரி கடைசியில். இரண்டு நாட்டுத் தலைவர்களுக்குள் மனஸ்தாபம், மூன்று வருஷம் லாரி சுற்றிப் போனது. 2024 ஜனவரியில் புருண்டி தன் பக்கத்தை மூடியது. 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா நகரை எம்-23 கிளர்ச்சிப் படை பிடித்தது, பின்னால் ருவாண்டா இருக்கிறது என்று ஐ.நா. நிபுணர்கள் பலமுறை எழுதியதை ருவாண்டா மறுத்துக்கொண்டே இருக்கிறது. அடுத்த இரண்டு மாதத்தில் அமெரிக்கா ஓர் அமைச்சர் மேல் தடை விதித்தது, ஜெர்மனியும் பிரிட்டனும் உதவியை நிறுத்தின, பெல்ஜியத்தோடு தூதரக உறவே முறிந்தது. நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த நாட்டில் ஏற்றுமதித் தொழில் செய்கிறவனுக்கு அண்டை வீட்டுச் சண்டை எல்லாம் சொந்தச் சண்டை.

மூன்றாவது கேள்விதான் பெரிது. ககாமே 2000-இலிருந்து அதிபர். 2024 தேர்தலில் 99 சதவீத ஓட்டு. அரசியல் சட்டத் திருத்தப்படி 2034 வரைக்கும் இருக்கலாம். அவர் இருக்கும்வரை எல்லாம் கடிகாரம் போல ஓடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்குப் பிறகு யார், எப்படி என்பதற்கு அந்த நாட்டிடம் பழக்கமே இல்லை. அதோடு ஆளுங்கட்சிக்கே சொந்தமாக கிரிஸ்டல் வென்ச்சர்ஸ் என்று ஒரு முதலீட்டு நிறுவனம் உண்டு, கட்டுமானம், பால், இன்னும் பலதில் கை வைத்திருக்கிறது. நாளைக்கு அவர்களும் துணிக்கு வந்தால்? நடுவரும் எதிரணியும் ஒரே ஆள். ஊழல் குறியீட்டில் இதற்கு மதிப்பெண் குறையாது, ஏனென்றால் இது லஞ்சமே இல்லை.

எத்தியோப்பியாவைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் வருத்தம் வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் "அடுத்த வங்காளதேசம்" என்று எல்லாரும் கொண்டாடிய இடம் அது. அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே ஹவாஸாவில் 2016-இல் ஒரு தொழிற்பூங்கா திறந்தார்கள். வரிசை வரிசையாகத் தயார் ஷெட், மெஷினைக் கொண்டுவந்து இறக்கி மெயினைப் போட்டால் போதும். கழிவுநீர் ஒரு சொட்டு வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையம், நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டி துறைமுகத்துக்கு 750 கிலோமீட்டர் மின்சார ரயில். கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளை வைத்திருக்கும் பி.வி.எச். நிறுவனமே நேரடியாக வந்து உட்கார்ந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் என்று 2019-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று எழுதியது. உலகத்திலேயே குறைவு.

அந்த 26 டாலர்தான் முதல் விரிசல் என்பது என் எண்ணம். தனியார் துறைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை. கிராமத்திலிருந்து வந்த பெண்கள் அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாமல் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். டெய்லரைப் பழக்கி முடிப்பதற்குள் அவர் போய்விட்டால் மலிவுக் கூலியில் என்ன மிச்சம்? திருப்பூரில் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆள் திரும்பி வராவிட்டால் ஷிப்மெண்ட் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும்.

அதற்கு மேல் 2020 நவம்பரில் வடக்கே டிக்ரே மாகாணத்தில் போர் வெடித்தது. இரண்டு வருஷம். அந்த மாகாணத் தலைநகர் மெக்கெல்லேவிலும் ஒரு தொழிற்பூங்கா இருந்தது. ஹவாஸா போர் நடந்த இடத்திலிருந்து வெகுதூரம், அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. ஆனாலும் 2021 நவம்பரில் பி.வி.எச். கதவைச் சாத்திவிட்டுப் போனது, 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சலுகை ரத்து. சமாதானம் 2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் கையெழுத்தானது, போன பையர்கள் திரும்பவில்லை. நல்ல ரோடு, நல்ல ஷெட், நல்ல ரயில், எல்லாம் நல்ல நிர்வாகம்தான். ஆனால் மாகாணங்களுக்கும் மத்திய அரசுக்கும் உள்ள சண்டையைப் பேசித் தீர்க்க ஒரு இடம் இல்லாமல் போனால் அந்த ஷெட்டுக்கு என்ன மதிப்பு?

பணம் வெளியே எடுக்கும் கதை இன்னும் மோசம். ஏற்றுமதி செய்து வரும் டாலரில் 70 சதவீதத்தை மத்திய வங்கிக்கு விட்டுக்கொடு என்று 2022-இல் ஒரு உத்தரவு. உங்கள் டாலர், ஆனால் நூலும் பட்டனும் இறக்குமதி செய்ய வரிசையில் நிற்க வேண்டியது நீங்கள். 2023 டிசம்பரில் வெறும் 3 கோடியே 30 லட்சம் டாலர் வட்டித் தவணையைக் கட்டாமல் நாடே கடனில் தவறியது. 2024 ஜூலையில் பிர் நாணயத்தை மிதக்க விட்டார்கள், டாலருக்கு 57 என்றிருந்தது சில வாரத்தில் நூறைத் தாண்டியது. அதற்குப் பிறகு நிலைமை தேறிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்: டாலர் சரண்டர் விதி தளர்ந்தது, வெளிநாட்டு வங்கிகளுக்கு வழி திறந்தது, 2025 செப்டம்பரில் நைல் மேல் 5,150 மெகாவாட் அணையைத் திறந்தார்கள். 12 கோடிக்கு மேல் ஜனம், உள்ளூர்ச் சந்தையே பெரிது. உள்ளூரில் விற்கிற பொருள் என்றால், பெரிய கையிருப்பு உள்ளவர் என்றால், இப்போது போவதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுப் போகிற மச்சானுக்கு இல்லை.

நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரு பாடமும் அங்கே கிடக்கிறது. பெங்களூரின் கருதூரி நிறுவனம், ரோஜாப்பூ ஏற்றுமதியில் பெயர் வாங்கியது, காம்பெல்லாவில் மூன்று லட்சம் ஹெக்டேர் வரைக்கும் பேசி மிகக் குறைந்த குத்தகைக்கு நிலம் எடுத்தது. வெள்ளம் வந்தது, சொன்ன அளவு பயிர் ஏறவில்லை, 2015 கடைசியில் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் அவ்வளவு சுலபமாக, அவ்வளவு மலிவாக ஒன்று கைக்கு வருகிறது என்றால், அந்த நிலத்தில் ஏற்கெனவே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். அவர்களை எந்த வேகத்தில் ஒதுக்கினார்களோ அதே வேகத்தில் உங்களையும் ஒதுக்க முடியும்.

சரி, கென்யா. லஞ்சம் உண்டா? உண்டு. சுவாஹிலியில் 'கிட்டு கிடோகோ' என்பார்கள், 'சின்னதாக ஏதாவது' என்று பொருள். நம்மூர் 'பார்த்துச் செய்யுங்க' மாதிரி. கூலி எத்தியோப்பியாவைப் போலப் பல மடங்கு. 2023 ஆகஸ்டில் நாடு முழுக்கக் கரண்ட் போய் விமான நிலையமே இருட்டில் கிடந்தது. 47 கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கட்டணம் போடப் பார்க்கும். வாட் ரீஃபண்டு நிலுவைக்கு அலைய வேண்டும். ஒவ்வொரு ஜூனிலும் நிதி மசோதா வரும்போது எதற்கு என்ன வரி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்.

2017 செப்டம்பர் 1-ஆம் தேதி கென்ய உச்ச நீதிமன்றம், பதவியில் இருந்த அதிபர் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட தேர்தலையே செல்லாது என்றது. ஆப்பிரிக்காவில் அதுவரை எந்த நீதிமன்றமும் செய்யாதது. அதிபர் கோபத்தில் நீதிபதிகளைத் திட்டினார், ஆனால் மறுதேர்தலுக்குப் போனார். அரசியல் சட்டத்தையே மாற்ற இரண்டு பெரும் தலைவர்கள் கைகோத்துக் கொண்டுவந்த திட்டத்தை 2022 மார்ச்சில் அதே நீதிமன்றம் தடுத்தது. 2024 ஜூனில் புது வரிகளுக்கு எதிராக இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், 25-ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள், பிறகு ஆள்கடத்தல்கள் நடந்தன. அதை 'ஜனநாயகம் வேலை செய்தது' என்று மட்டும் இனிப்பாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆனால் மறுநாளே அதிபர் ரூட்டோ அந்த மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டின் நிதிச் சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூலையில் செல்லாது என்றது, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிச் செல்லும் என்றது. தலை சுற்றும். ஆனால் எல்லாம் வெளியில் நடக்கிறது, பத்திரிகையில் வருகிறது, நீங்களும் ஒரு வக்கீலை வைத்து உள்ளே போய் நிற்கலாம்.

இதே நீதிமன்றம் நமக்கு எதிராகவும் திரும்பும் என்பதையும் மச்சானிடம் சொன்னேன். நைரோபி விமான நிலையத்தை அதானி குழுமத்துக்கு 30 வருஷக் குத்தகைக்குக் கொடுக்கும் திட்டத்தை 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நவம்பரில் அமெரிக்காவில் அந்தக் குழுமத் தலைவர் மேல் குற்றச்சாட்டு வெளியான மறுநாள் ரூட்டோ திட்டத்தையே ரத்து செய்தார். குழுமம் குற்றச்சாட்டை மறுத்தது, அது தனிக் கதை. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், ரகசியமாக மேலிடத்தில் முடிக்கிற ஒப்பந்தம் அந்த நாட்டில் நிலைப்பது கடினம். 200 மெஷின்காரர் மேலிடத்தில் எதையும் முடிக்கப் போவதில்லை. அவருக்கு அது நல்ல செய்தி.

பணம்? கென்யா 1990-களிலேயே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டது. 2023-இல் டாலருக்குத் தட்டுப்பாடு வந்தது, ஷில்லிங் 2024 ஜனவரியில் 160 வரைக்கும் விழுந்து பிறகு 130-க்கு மீண்டது. வலித்தது, ஆனால் எடுத்துப் போகாதே என்று யாரும் சட்டம் போடவில்லை. நைஜீரியாவில் 2023 நடுவில் விமான நிறுவனங்களின் 80 கோடி டாலருக்கு மேல் சிக்கிக் கிடந்ததையும், எமிரேட்ஸ் இரண்டு வருஷம் பறக்காமலே இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் துறைமுகம் சொந்த நாட்டிலேயே, மொம்பாசா. நைரோபிக்குப் பக்கத்தில் அத்தி ரிவரில் ஏற்றுமதி மண்டலம் (நம் அத்தி மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), முதல் பத்து வருஷம் வருமான வரி இல்லை, அடுத்த பத்து வருஷம் 25 சதவீதம். அங்கே முப்பது வருஷமாகத் துணி தைக்கிறார்கள், பழகிய டெய்லரும் சூப்பர்வைசரும் கிடைப்பார்கள். கூலி ஏன் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம், தொழிற்சங்கம் இன்னொரு காரணம்.

போட்ஸ்வானாவை இரண்டு பத்தியில் முடிக்கிறேன், அது குறைவான நாடு என்பதால் இல்லை. 1966-இல் சுதந்திரம் வாங்கியபோது நாடு முழுக்கத் தார் ரோடு 12 கிலோமீட்டர். அடுத்த வருஷமே ஒராபாவில் வைரம் கிடைத்தது. வைரம் கிடைத்த பல நாடுகள் அதற்காகவே நாசமாயின. இவர்கள் வைரக் கம்பெனி டி பியர்ஸோடு பாதிக்குப் பாதி கூட்டு வைத்து, வந்த பணத்தைப் பள்ளிக்கூடம், ரோடு என்று போட்டு, மிச்சத்தை 1994-இல் 'பூலா நிதி' என்று தனியாக எடுத்து வைத்தார்கள். பூலா என்றால் மழை, நாணயத்தின் பெயரும் அதுதான்; பாலைவன நாட்டில் காசுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? 2024 அக்டோபர் 30-இல் ஓட்டுப் போட்டார்கள், 58 வருஷம் ஆண்ட கட்சி தோற்றது, எண்ணி முடிப்பதற்குள்ளேயே அதிபர் மசிசி தோல்வியை ஒத்துக்கொண்டார், நவம்பர் 1-ஆம் தேதி டூமா போகோ பதவியேற்றார். என் மூன்று கேள்விக்கும் முழு மதிப்பெண்.

ஆனால் ஜனத்தொகை இரண்டரைக் கோடி இல்லை, இருபத்தைந்து லட்சம். கடல் இல்லை. பக்கத்திலேயே தென்னாப்பிரிக்கா எல்லாச் சாமானையும் மலிவாக உள்ளே தள்ளுகிறது. மானியம் கொடுத்துத் தொழிற்சாலைகளை இழுத்துப் பார்த்தார்கள், மானியம் தீர்ந்ததும் பல மூடின. இப்போது சூரத்திலும் சீனாவிலும் ஆய்வகத்தில் வளர்க்கிற வைரம் வந்து இயற்கை வைரத்தின் விலையைச் சாய்த்துவிட்டது, ஏற்றுமதியில் முக்கால்வாசிக்கு மேல் வைரத்தை நம்பியிருந்த நாட்டின் பொருளாதாரம் 2024-இல் சுருங்கியது. நல்ல அரசாங்கம் எல்லாத் தொழிலையும் கொண்டுவந்துவிடும் என்று நினைப்பவர்கள் தலைநகர் கபரோனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வைரம் பட்டை தீட்டுபவர், சுற்றுலா நடத்துபவர் போகட்டும். பனியனுக்கு அது ஊர் இல்லை.

மொரிஷியஸை மச்சான் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அவர்கள் 1970-இலேயே ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து, கரும்பை மட்டும் நம்பியிருந்த தீவைத் துணி தைக்கும் தீவாக மாற்றியவர்கள். இப்போது கூலி ஏறி, அந்தத் தீவுக்காரர்களே மடகாஸ்கரில் போய்த் தைக்கிறார்கள். ஆக, தொழிற்சாலைக்கு அது தாண்டிப்போன ஊர். ஆனால் ஹோல்டிங் கம்பெனி (பங்குகளை வைத்திருக்கும் தாய்க் கம்பெனி) வைக்க, தகராறு வந்தால் அங்கே வழக்குப் பேச, இன்னும் நல்ல இடம். அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது பலருக்குத் தெரியும். 1998-இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்ததும், மத்திய வங்கி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றதும் அவ்வளவாகத் தெரியாது. அச்சடித்துப் புழக்கத்துக்கு வந்த நோட்டைச் சிறுபான்மை ஒன்றின் புகாருக்காகத் திரும்பப் பெறுகிற அரசாங்கம், என் கணக்கில் பத்து தரவரிசைக்குச் சமம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை ஒரே கேள்வி கேட்டார்: "இடி அமீன் மாதிரி ஒருத்தன் வந்தா?" வயதானவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. 1972 ஆகஸ்டில் உகாண்டாவில் ஆசியர்கள் எல்லாரும் 90 நாளில் வெளியேற வேண்டும் என்று உத்தரவு, கடை, ஆலை, வீடு எல்லாம் அப்படியே போனது. 1990-களில் முசேவேனி சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தார் என்பதும் உண்மை, சிலர் திரும்பிப் போய் மறுபடி தொழில் நடத்தியதும் உண்மை. ஆனால் இடையில் இருபது வருஷம். கென்யா 2017-இல் அங்கேயே பிறந்து வாழும் ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44-ஆவது இனக்குழு என்று அங்கீகரித்ததை அத்தைக்குச் சொன்னேன். "பேப்பர்ல எழுதிக் குடுத்தா போதுமா" என்றார். எனக்குப் பதில் இல்லை, ஆகவே கணக்கில்தான் பதில் வைத்தேன்.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இது. அத்தி ரிவரில் ஷெட்டை வாடகைக்கு எடு, கட்டாதே. 200 மெஷின் வேண்டாம், அறுபதோடு தொடங்கு, அதிலும் பாதி இங்கே தேய்மானம் கழிந்த பழைய மெஷின். துணி இங்கிருந்தே போகட்டும், அங்கே கட்டிங்கும் தையலும் செக்கிங்கும் மட்டும். மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் அங்கே கணக்கில் பணம் தூங்கக்கூடாது. வாடகை ஒப்பந்தத்தில் தகராறு எந்த ஊர் நடுவர் முன்னால் போகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்னாலேயே எழுது. நிதி மசோதா வரும் ஜூன் மாதம் ஒரு முறையாவது தாண்டிய பிறகு மிச்ச மெஷினைப் பற்றி யோசி. ருவாண்டாவைப் பத்து வருஷம் கழித்து மறுபடி பார்க்கலாம், எத்தியோப்பியாவை மூன்று வருஷம் கழித்து.

மச்சான் தாளை இரண்டு முறை படித்தார். "ஆறு மணி நேரத்துல பதிஞ்சு குடுக்கறவனை விட்டுட்டு, ரீஃபண்டுக்கு ஆறு மாசம் இழுக்கறவன்கிட்ட போகச் சொல்ற" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் மொம்பாசாவுக்குக் கன்டெய்னர் வாடகை எவ்வளவு என்று ஃபார்வர்டரிடம் கேட்டு அனுப்பச் சொல்லி மெசேஜ் வந்தது. கூடவே, கென்யா போய்வர மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவார்கள் என்று அத்தை கேட்கிறாராம்.